பத்தொன்பதாம் பக்கம்

1

“அப்பா, அந்த வண்டிய எனக்குக் குடுங்க.”

முதல் வரி இதுதான். மாற்றுவதாக இல்லை. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கேட்டுவிட்டாள். இனி நான்தான் சமாளிக்க வேண்டும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ தந்திரம் பண்ணியதுபோல் இருக்கும். ஓர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றிருந்தேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பக்கப் பெட்டிகள் முழுக்க ஊர் ஊராக ஒட்டிய ஸ்டிக்கர்கள். பாதி உரிந்தும் பாதி வெளுத்தும் போயிருந்தன. ஓட்டி வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “இதுல என்ன போட்டிருக்குன்னு பாரும்மா, கண்ணாடி எடுத்துட்டு வரல” என்றார்.

கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.

வாசித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எத்தனை நாடு சுற்றினீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. என் அப்பாவும் இதே வாக்கியத்தைச் சொல்வார், கண்ணாடியை இதேபோல் பையில் வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் என்று இதுவரை தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன். (கண்டுபிடிக்காவிட்டால் திட்டிக்கொள்ளுங்கள். எனக்குப் பழக்கம்தான்.)

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

‘முடிவில்லாத சாலையில் அந்த வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு...’

வேண்டாம். உலகத்தில் எழுதப்பட்ட எல்லா வண்டிகளும் காற்றைக் கிழித்தாயிற்று. போதாததற்கு இந்த வண்டி கதையில் ஓரடிகூட ஓடப்போவதில்லை. இருபத்துமூன்று வருடமாக ஓர் அறைக்குள் நிற்கிறது.

‘அவர் கட்டுகளற்ற பறவை. வீடு அவரைப் பிடித்து வைக்க...’

சரி, அவர் பறவை. அப்படியானால் அவர் ஊர் சுற்றிய பதினான்கு மாதமும் கூட்டில் உட்கார்ந்து குஞ்சுக்கும் வாடகைக்கும் பதில் சொன்னது யார்? இந்த வாக்கியத்தை எழுதிய என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

மூன்றாவதாக அறையை எழுதினேன். அது நின்றது. அதிலிருந்தே போகலாம்.

3

இரண்டு அறை, நடுவில் ஒரு நடைவழி, பின்னால் அடுப்படி. ஓர் அறையில் அப்பா, அம்மா, அவள் மூன்று பேரும் படுப்பார்கள். இன்னோர் அறையில் வண்டி. வீட்டில் தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல் அந்த அறையில்தான். ஜன்னலுக்கு நேர் எதிரே, தார்ப்பாய் போர்த்தி, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி நடுநாயகமாக நிற்கும்.

அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் தையல் மெஷின் நடைவழியில். அங்கே வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது. யார் கடந்தாலும் ஒருக்களித்துத்தான் கடக்க வேண்டும். அப்படியும் தோள் இடிக்கும், தையல் கோணும். “போச்சு, என் தையல் போச்சு” என்பாள் அம்மா. ஒரு நாளைக்கு இருபது முறை.

அப்பா பாட்டில் ஆலையில் ஃபிட்டர். எந்த மெஷினையும் காதை வைத்தே எங்கே வலி என்று சொல்லிவிடுவார். அவளைக் கருவில் விட்டுவிட்டு அந்த வண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினார். அவர் கிளம்பிய ஐந்தாவது மாதம் அவள் பிறந்தாள். பதினான்காவது மாதம் கப்பலில் வண்டியோடு வந்து இறங்கினார். போகும்போது தெரு அவருக்கு ‘உலகம்’ என்று பெயர் வைத்தது. பாதியில் திரும்பியதும் அதே தெரு திருத்தமும் செய்தது. அன்றிலிருந்து ‘அரை உலகம்’.

“அரை உலகம் டீ குடிச்சிட்டாரா?” என்பார் பக்கத்து வீட்டு மாமா.

“மிச்ச அரையத்தான் உங்க வீட்டம்மா போட்டு வச்சிருக்காங்களாம்” என்பார் அப்பா. சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே வந்து தார்ப்பாயின் ஓரத்தைச் சரிசெய்வார்.

ஏன் பாதியில் திரும்பினார்? அம்மா சொன்ன பதில் ஒன்றுதான்: “நீ பொறந்தன்னு லெட்டர் கிடைச்சுது. எல்லையில முத்திரை குத்துற வரைக்கும்கூட நிக்காம உன்னப் பாக்க ஓடி வந்துட்டாரு. அந்த முத்திரை இல்லாததால மறுபடி போக விடல. அதான் சொல்றேன், வண்டியப் பத்தி அவருகிட்ட வாயத் தொறக்காத.”

அதாவது, உன்னால்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் அதைச் சுமந்துகொண்டு வளர்ந்தாள். அந்த வண்டியின் பக்கப் பெட்டிகளிலும் இருந்த ஊர் ஸ்டிக்கர்களை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கவே பழகினாள். தார்ப்பாய்க்குள் புகுந்து இருக்கையில் ஏறி, எண்ணெய் வாசனையில் மூச்சு முட்ட, வாயாலேயே வண்டி ஓட்டி, ஸ்டிக்கர் ஒட்டாத ஊர்களுக்கெல்லாம் போய் வந்தாள். பள்ளியில் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டால் மற்றப் பிள்ளைகள் தலைநகரம் தேடுவார்கள். அவள் அப்பா நின்ற இடத்தைத் தேடுவாள். அதற்கு அந்தப் பக்கம் இருந்த பாதி அவளுக்கு வீட்டுப்பாடம் மாதிரி மிச்சம் கிடந்தது.

4

இந்த அப்பாமேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வாசகர்களுக்கும் இருக்கும் என்று தெரியும். போன இடத்தில் இன்னொரு குடும்பம் இருந்திருக்குமோ? கடைசியாகப் போன பத்தொன்பதாவது நாட்டில் ஒருத்தி ஜன்னலோரம் காத்திருப்பாளோ?

இல்லை. நானும் யோசித்தேன். அப்படி எழுதினால் கதை சுலபமாக முடியும், அம்மா அழுவாள், நான் தப்பித்துக்கொள்வேன். ஆனால் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்வதைப் பார்த்துவிட்டு அப்படி எழுத வரவில்லை. தார்ப்பாயை எடுப்பார். பிளக்கைக் கழற்றி, துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, உதைக்கும் கட்டையைக் கையாலேயே மெல்லச் சுற்றுவார், இன்ஜின் இறுகிவிடாமலிருக்க. ஒவ்வொரு கம்பியாகச் சக்கரத்தைத் துடைப்பார். ஆனால் ஸ்டார்ட் பண்ணமாட்டார். தெருவுக்கு எடுக்கமாட்டார். யார் கண்ணிலும் படவிடமாட்டார்.

ஏன் ஒளித்தார் என்பது எனக்கே அடுத்த பகுதியை எழுதும்போதுதான் தெரிந்தது.

5

பட்டம் வாங்கி, அலைந்து திரிந்து, கடைசியில் அவளுக்குக் கிடைத்த வேலை எது தெரியுமா? வண்டியோடு நாடு கடக்கிறவர்களுக்குப் புத்தகம் வழங்கும் அலுவலகத்தில், மூன்றாம் கவுன்ட்டர். (தற்செயலா என்று கேட்காதீர்கள். அவள் அந்த வேலைக்கு மட்டும் நான்கு முறை விண்ணப்பித்தாள்.)

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதருக்குப் பாஸ்போர்ட் மாதிரி வண்டிக்கு அது. ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது கீழ்த்துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது நடுத்துண்டை. மிஞ்சுகிற மேல்துண்டில் இரண்டு முத்திரையும் இருக்க வேண்டும்: வந்தது, போனது. வந்தது மட்டும் இருந்தால் வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம். விற்றுவிட்டதாகச் சந்தேகப்படுவார்கள். சந்தேகம் தீராமல் அடுத்த புத்தகம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், கழிக்க வேண்டிய பழைய கோப்புகளைப் பட்டியல் போடச் சொன்னார்கள். அப்படித்தான் அப்பாவின் புத்தகம் அவள் கைக்கு வந்தது. வியர்வையில் ஊறி, நெஞ்சுப்பையின் வளைவு இன்னும் மாறாமல். பதினெட்டுப் பக்கமும் ஒழுங்காகக் கிழிந்திருந்தன. பத்தொன்பதாம் பக்கத்தில் மட்டும் நடுத்துண்டு கிழிபடாமல் அப்படியே இருந்தது. ஆக, அவர்கள் வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டி, காகிதப்படி இருபத்துமூன்று வருடமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

கோப்பில் ஒரு குறிப்பு: ‘நேரில் வந்தார். விளக்கம் கேட்கப்பட்டது. பதில் இல்லை. புத்தகம் வாங்கி வைக்கப்பட்டது. திருப்பி அனுப்பப்பட்டார்.’ கீழே கவுன்ட்டர் எண். மூன்று.

அவள் புத்தகத்தைத் திருப்பினாள். பின்னட்டையில், பொடி எழுத்தில், ஏழாவது விதி. முத்திரை விடுபட்டால் பயப்பட வேண்டியதில்லை. வண்டி சொந்த ஊரில் நிற்பதை ஓர் அதிகாரி நேரில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, ஒரு பக்கப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். கீழே உரிமையாளர் கையெழுத்து.

ஒரே ஒரு பக்கம்.

பதினான்கு மாதம் அந்தப் பதிலை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவர் சுற்றியிருக்கிறார். வாசிக்கத் தெரியவில்லை. கவுன்ட்டர்காரருக்குத் தெரியும், சொல்லவில்லை. இங்கே இல்லாத வண்டி இங்கே இருப்பது குற்றம் என்று இவராக நினைத்துக்கொண்டு, எந்த அதிகாரி கண்ணிலும் படாமல் அறைக்குள் ஒளித்துவிட்டார். ஒரே ஓர் அதிகாரி கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பத்தொன்பது எல்லையைத் தாண்டியவர் ஒரு கவுன்ட்டரைத் தாண்டவில்லை.

அவள் அழுதாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அன்று காலைதான் ஒரு பெரியவரிடம், “எல்லாம் பின்பக்கம் போட்டிருக்கு, படிச்சுப் பாத்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று வேலை பார்த்தாள். அப்பாவின் வண்டி எண்ணைப் போட்டு அந்த ஒரு பக்கத்தைப் பூர்த்திசெய்தாள். திங்கள் பத்து மணிக்கு அதிகாரியை வீட்டுக்கு வரச் சொன்னாள். மூன்றாவதை நீங்கள் தெரிந்துகொள்ளலாம், வீட்டில் யாருக்கும் தெரியாது: ராஜினாமாக் கடிதத்தை மேலாளர் மேசையில் வைத்தாள்.*

* ஓட்டத் தெரியுமா என்று கேட்கும் கனவான்களுக்கு: லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா சொல்லிக்கொடுக்கவில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

6

ஞாயிறு மதியம். அப்பா சக்கரக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த வண்டிய எனக்குக் குடுங்க.”

துணி நின்றது. நடைவழியில் தையல் மெஷினும் நின்றது.

“எந்த வண்டி?”

“நம்ம வீட்டுல எத்தன நிக்குது?”

“இது இங்க இல்ல பாப்பா. உங்க ஆபீஸ்ல கேளு, சொல்லுவாங்க. இது அங்கதான் நிக்குது.”

“இங்க இல்லாத வண்டிய நான் எடுத்துட்டுப் போனா யாருக்கு என்ன நஷ்டம்?”

நடைவழியில் அம்மா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு அதில்தான் கோபம் வந்தது.

“இப்படிப் பேசவா உன்னப் படிக்க வச்சேன்?”

“பின்ன எதுக்குப்பா வச்சீங்க? கண்ணாடி எடுத்துட்டு வராத அன்னைக்கெல்லாம் வாசிச்சுக் காட்டவா?”

(இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் அவளே திரும்ப எழுத வைத்தாள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னாள்.)

அப்பா துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவள் குரல் இறங்கியது. படிவத்தை இருக்கைமேல் வைத்தாள்.

“இத முடிச்சிட்டா வண்டி இங்கதான் இருக்குன்னு ஆயிடும்ப்பா. அப்புறம் புதுப் புத்தகம் என் பேர்ல வாங்கிக்கலாம். நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு ஆபீசர் வர்றாரு, நம்பரப் பாப்பாரு, எழுதுவாரு. கீழ நீங்க ஒரு கையெழுத்து.”

“எத்தன பக்கம்?”

“ஒண்ணு.”

“ஒண்ணா?”

“ஒண்ணுதாம்ப்பா.”

“இது எங்க போட்டிருந்துச்சு?”

“புத்தகத்துலயே. பின்னட்டைல.”

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. புத்தகம் இருந்த இடம். இப்போது கண்ணாடி மட்டும் இருந்தது.

“அப்ப வேணாம்” என்றார்.

“ஏன்?”

“வேணாம்னா வேணாம். ஒரு பக்கத்துக்கா நான் இருபத்திமூணு வருஷம் உக்காந்திருந்தேன்? அதுல கையெழுத்துப் போட்டா ஆமான்னு ஆயிடும்ல?”

“அப்ப என்னால போச்சுன்னே இருக்கட்டும், அப்படித்தான?”

“உன்னால என்ன போச்சு?”

“நான் பொறந்த லெட்டர் பாத்துட்டுத்தான முத்திரைக்குக்கூட நிக்காம ஓடி வந்தீங்க.”

அப்பா நிஜமாகவே முழித்தார். “லெட்டரா? அது எங்கெங்கயோ சுத்திட்டு, முத்திரை இல்லன்னு அடுத்த நாட்டுக்காரன் உள்ள விடாம, நான் ஊருக்குக் கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள்தான் வந்துச்சு. எல்லைல அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. முத்திரைக்காரன் சாப்பிடப் போயிருந்தான். முன்னால நின்ன லாரிக்குத் தடுப்புக் கட்டையத் தூக்கினானுங்க, நானும் பின்னாலயே போயிட்டேன். ஈரம் பட்டா ஸ்டார்ட் ஆகாது இந்தச் சனியன்.”

“மழைக்காகவா?”

“மழைகூட இல்ல பாப்பா. மேகம்தான். கடைசி வரைக்கும் பெய்யவே இல்ல.”

அவள் நடைவழியைப் பார்த்தாள். அம்மா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“அம்மா!”

“என்னடி? சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு. மேகத்தப் பாத்து ஓடி வந்துட்டாருன்னு தெருவுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது? புள்ளையப் பாக்க வந்தாருன்னா கேக்குறவனும் கண்ணத் தொடச்சுக்குவான்.”

(இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்துமூன்று வருடம் தாங்கிய ஒரு கதையை அந்தப் பெண் நடைவழியில் உட்கார்ந்து, தைத்துக்கொண்டே கட்டியிருக்கிறாள். நான் ஏழு நோட்டு கிழித்திருக்கிறேன்.)

“உங்களுக்கு நல்லா இருந்துச்சு. எனக்கு?” என்றாள் மகள்.

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். எழுந்து வந்தாள். அவள் அந்த அறைக்குள் வந்து நின்றதே அபூர்வம். வண்டியைச் சுற்றிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா பாருங்க, அவ போறது போகாதது உங்க ரெண்டு பேரு பாடு. எனக்கு இந்த ரூம் வேணும். ஜன்னலுக்குக் கீழ மெஷின் போடணும். கறுப்புத் துணில கறுப்பு நூல் தெரிய மாட்டேங்குது. எத்தன வருஷம் தடவித் தடவியே தைக்கிறது?”

“இத்தன வருஷமா நீ கேக்கவே இல்லையே” என்றார் அப்பா.

“கேக்கக் கூடாதுன்னு நான்தான எல்லாருக்கும் சொல்லி வச்சேன்.”

7

முடிவு வேண்டும். மூன்று இருக்கின்றன.

ஒன்று. அப்பா கையெழுத்துப் போடுகிறார், கண்ணீர் மல்க. இதை மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இருந்தது. மனம் வராத ஒரு மனிதருக்காக நான் போட்டால் அதற்குப் பெயர் போலிக் கையெழுத்து. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டு. படிவத்தைக் கிழித்துப்போடுகிறார். சுலபம். ஆனால் கோபக்காரி நான், அவர் இல்லை. அவர் காகிதத்துக்குப் பயந்தவர். பயந்தவர் கிழிக்கமாட்டார்.

மூன்று. புதுப் புத்தகத்தோடு அவரே கிளம்புகிறார். வெளுத்த தலைக்கு ஹெல்மெட், தெரு முழுக்கக் கைதட்டல், ‘அரை உலகம்’ மறுபடி ‘உலகம்’ ஆகிறது. உண்மையைச் சொன்னால் இதை எழுத எனக்குக் கை அரித்தது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் பழைய கதைதான். அவர் போவார், இவர்கள் நடைவழியில் ஒருக்களித்து நிற்பார்கள். ஒரு தடவை எழுதியாயிற்று, நடந்தும் ஆயிற்று.

எனவே மூன்றையும் இங்கேயே போட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்குப் போகிறேன்.

8

காலை ஒன்பதரை. அம்மாவும் மகளும் வண்டியைத் தள்ளினார்கள். அப்பா தடுக்கவில்லை, கைகொடுக்கவும் இல்லை. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன, பிய்த்துக்கொண்டு வந்தன. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை, தூங்கி எழுந்தவர் படுக்கை மாதிரி. அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் கட்டமாக விழுந்தது. பின்சக்கரம் வாசல்படி இறங்கும் முன்பே அம்மா ஓடிப்போய் மெஷினை அறைக்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நடைவழி காலி. அப்பா அதைக் கடந்து அறைக்குப் போனார். இடிக்க எதுவும் இல்லை. அப்படியும் ஒருக்களித்துத்தான் போனார்.

மகள் படிவத்தை மெஷின்மேல் வைத்தாள், பேனாவையும். பை தோளில் இருந்தது. வெள்ளிக்கிழமையே கட்டி வைத்தது.

“வேலைய விட்டுட்டேம்ப்பா.”

அம்மா மெஷினை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கினாள்.

“போட்டீங்கன்னா அந்தப் பத்தொம்பதாவது கேட்டுக்கு இதுலயே போவேன். முத்திரைய வாங்கிட்டு, அந்தப் பக்கம் மிச்சம் இருக்கறதையும் பாப்பேன். போடலன்னா பஸ்ல போவேன். போறது போறதுதான். ஆபீசருக்கு வழி தெரியாது, நான் முனைல நிக்கறேன்.”

அப்பா படிவத்தைப் பார்த்தார், முதலில் முன்பக்கம். பிறகு திருப்பிப் பின்பக்கம். அது வெறும் வெள்ளை.

“என் கண்ணாடி எங்க?” என்று கேட்டார்.

“உங்க சட்டப்பைலதான் இருக்கு” என்றாள் அம்மா.

இதுவரைதான் எனக்குத் தெரியும். கண்ணாடியை எடுத்தாரா, போட்டாரா, போட்ட பிறகு பேனாவை எடுத்தாரா என்பதை வீட்டுக்குள் இருந்தவர்களைக் கேட்க வேண்டும். நான் வீட்டுக்குள் இல்லை. நான் அவளோடு இருந்தேன், அவள் வாசல் இறங்கிவிட்டாள். வண்டியைக் கடக்கும்போது இருக்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். கையெழுத்துக்கான கோடு காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டே தேடுகிறவர் ஒருவர் இருப்பார். அவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

தெருமுனைக்கு மேலே மேகம் கட்டியிருந்தது. அதற்காக அவள் நடையை எட்டிப்போடவில்லை.